அத்தியாயம் 6: தோப்புக்கு ஆள் வரும்போது

ஸ்ரீரங்கம் தீவில் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வெளியாள் வரப்போகிறார் என்றதும் தோப்பைப் பார்க்காக மாற்றத் தோன்றும். வாழையைப் பிடுங்கிப் புல்தரை விரிப்பது, கிளுவை வேலியை வெட்டிவிட்டுக் கம்பி வேலி போடுவது, வாய்க்கால் கரையில் சிமெண்டில் கொக்கு செய்து நிறுத்துவது. எனக்கும் அந்த வியாதி வந்து, நாலு சென்ட் புல்தரையோடு தெளிந்தது. ஒரு சித்திரை மாதம் முழுக்க அதற்குத் தண்ணீர் காட்டினேன். வந்தவர்களில் ஒருவர்கூட அதில் உட்காரவில்லை. எல்லோரும் கிணற்றடி மாமரத்துக்குக் கீழேதான் போய் உட்கார்ந்தார்கள்.

எனவே இந்த அத்தியாயத்தில் புதிதாக எதைச் சேர்ப்பது என்று கொஞ்சமாகத்தான் வரும். எதை எடுப்பது, எதை விட்டுவைப்பது, ஆளை எந்த வழியாக நடத்துவது என்பதுதான் பெரும்பகுதி.

முதலில் ஒரு வருஷம் சும்மா இருங்கள். சொல்வது சுலபம், கையைக் கட்டிக்கொண்டு இருப்பது கஷ்டம், ஆனாலும் இருங்கள். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது, கல்லணைப் பக்கம் போய் இரண்டு கையும் கிட்டத்தட்ட மறுபடி தொட்டுக்கொள்கிறது. நடுவில் கிடக்கும் வண்டல்தான் நம் மண். வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் திறந்து, தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்த சில வாரங்களில் கிணற்றில் நீர் மேலேறும். திருவானைக்காவில் ஜம்புகேஸ்வரர் சன்னிதியில் ஊறும் தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தீவின் நிலத்தடி நீரைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் சேர்ந்துகொண்டால் தோப்பில் எந்த மூலை தேங்குகிறது, எது ஒரே நாளில் வடிகிறது என்று தெரிந்துவிடும். ஒரு குச்சியும் சுண்ணாம்பும் எடுத்துக்கொண்டு போய், தண்ணீர் நின்ற எல்லையை வேலிக்கல்லிலும் மரத்திலும் குறித்து வையுங்கள். பின்னால் கழிப்பறை எங்கே, உட்காரும் இடம் எங்கே என்ற கேள்விக்கெல்லாம் அந்தக் கோடுதான் பதில் சொல்லும்.

பெருவெள்ளத்தையும் கணக்கில் வையுங்கள். 1924இலும் 1977இலும் வந்த தண்ணீரைப் பற்றித் தீவில் இன்னும் வீட்டுக்கு வீடு கதை இருக்கிறது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் மதகுகளே கொள்ளிடத்தில் அடித்துக்கொண்டு போயின. 1830களில் ஆர்தர் காட்டன் கட்டிய அணை அது. கொள்ளிடக் கரையை ஒட்டித் தோப்பு வைத்திருப்பவர்கள் கரையோரத் துண்டில் எதையும் கட்டாமல் வெட்டிவேரும் நாணலுமாக விட்டுவிடுவது நல்லது. வந்தவர்களுக்கும் அந்தத் துண்டு பிடிக்கும். கொக்கும் மீன்கொத்தியும் அங்கேதான் உட்காரும்.

அந்த வருஷத்தில் இன்னொன்றையும் பாருங்கள், காற்று. ஆனி, ஆடியில் திருச்சிக்கு மேற்கிலிருந்து வரும் காற்று தார் தள்ளிய வாழையைச் சாய்த்துவிடும் என்பது விவசாயிக்குத் தெரியும். சவுக்குக் கழியால் முட்டுக் கொடுப்பது அதற்குத்தான். பார்வையாளருக்கு அது தெரியாது. முட்டுக் கழியைப் பிடித்து ஆட்டிப் பார்க்காத பையனை நான் இன்னும் சந்திக்கவில்லை. எனவே தார் தள்ளிய வரிசைகள் நடைபாதையிலிருந்து ஒரு ஆள் உயரமாவது தள்ளியே இருக்கட்டும்.

இனி பாதை. தோப்பை மாற்றுவதில் முக்கால்வாசி வேலை இதுதான்.

இலங்கையில் பெந்தோட்டைக்குப் பக்கத்தில் லுனுகங்கா என்ற தோட்டம் இருக்கிறது. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1948இல் அதை வாங்கியபோது அது கைவிடப்பட்ட ரப்பர் தோட்டம். 1998இல் நோயில் விழும்வரை அவர் அதில் வேலை செய்துகொண்டே இருந்தார், இன்று மக்கள் கட்டணம் கொடுத்துப் போய்ப் பார்க்கிறார்கள். அங்கே பூப்பாத்தி என்று சொல்ல அதிகமாக எதுவும் கிடையாது. ரப்பர் மரங்களை எடுத்தார், ஒரு மேட்டின் தலையைத் தாழ்த்தி அதற்கு அப்பால் இருக்கும் ஏரி வீட்டிலிருந்து கண்ணில் படும்படி செய்தார், ஈழத்தலரிக் கிளைகளில் எடை கட்டித் தொங்கவிட்டுத் தனக்கு வேண்டிய பக்கம் வளைத்தார். கண் எங்கே போக வேண்டும் என்பதைத் தீர்மானித்துவிட்டு, குறுக்கே நின்றதை எல்லாம் விலக்கினார் என்று சொல்லலாம். நம்மிடம் மேடும் இல்லை ஏரியும் இல்லை. ஆனால் வாழை வரிசை இருக்கிறது. வாழைக்கு நடுவே நடக்கும்போது பத்தடிக்கு மேல் தெரியாது, சட்டென்று வரிசை முடிந்து வாய்க்காலும் வானமும் வரும். நீங்கள் செய்ய வேண்டியது அந்த முடிவு எங்கே வரலாம் என்று தேர்ந்தெடுப்பதுதான். தீவின் தென் ஓரத்தில் இருப்பவர்களுக்குச் சில இடங்களில் மலைக்கோட்டை தெரியும். தெரிந்தால் அந்த ஒரு இடத்துக்காகவே இரண்டு தென்னை மட்டையைக் கழித்துவிட்டு ஒரு கல் பலகை போடலாம்.

பாதையின் அகலம் ஐந்தடி. இரண்டு பேர் பேசிக்கொண்டு நடக்கவும், சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி வந்தால் தள்ளவும் அது போதும். சிமெண்ட் வேண்டாம், மதியத்தில் அனல் கக்கும். கிராவல் கொட்டித் தட்டி, மேலே செம்மண் போட்டு, இரண்டு ஓரமும் செங்கலைக் குத்துக்கல்லாக நிறுத்துங்கள். பாதைக்கு வெளியே அரையடி ஆழத்தில் ஒரு சால் எடுத்து உரிமட்டையை நார்ப்பக்கம் மேலாக அடுக்கிவிட்டால் பாதையில் விழும் மழை அதில் இறங்கும். ஓரத்துச் செடிக்குக் கோடையில் பாதித் தண்ணீர் மிச்சம்.

பாதை எந்த மரத்தடி வழியாகப் போனாலும் போகட்டும், தென்னைக்குக் கீழே மட்டும் போகவே கூடாது. நான் முதலில் தென்னை வரிசைக்கு நடுவில், நிழலாக இருக்கிறதே என்று கோடு போட்டேன். எங்களுக்குக் காய் வெட்டும் பெரியவர் மேலிருந்தபடியே பார்த்துவிட்டு இறங்கி வந்து, "தம்பி, பாதய இங்க போட்டீங்கன்னா நாப்பத்தஞ்சு நாளைக்கு ஒருதடவ என்னயக் கூப்புடறது பத்தாது, ஒரு வக்கீலயும் சேத்துக் கூப்புடணும்" என்றார். பாதையை வேலியோரமாகத் தள்ளினேன். நெற்றும் மட்டையும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு விழுவதில்லை. வேறு வழியே இல்லாத இடத்தில், ஆள் வரும் மாதங்களில் மாதம் ஒருமுறை நெற்றையும் காய்ந்த மட்டையையும் கழித்துவிடுங்கள்.

கிணறு. தீவில் இன்னும் எத்தனையோ கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவரே கிடையாது, தரையோடு தரையாக வாய் திறந்து கிடக்கும். ஒரு செடி நடும் முன்னால் மூன்றரை அடிச் சுவரும் மேலே இரும்புக் கம்பி வலையும் போட்டு முடியுங்கள். இதில் சிக்கனம் பார்ப்பவர் தோப்பைத் திறக்கக் கூடாது. பம்புசெட்டு அறைக்குப் பூட்டு. வெறும் வயர் எங்கேயாவது ஓலையோடு ஓலையாகத் தொங்கினால் அதையும் சரிசெய்யுங்கள். இன்னொரு சங்கதி: விவசாயத்துக்கு அரசு கொடுக்கும் இலவச மின் இணைப்பு பாசனத்துக்கு மட்டும்தான். பார்வையாளருக்கு மின்விசிறி, விளக்கு, காபி மிஷின் என்று அதிலிருந்து ஒரு இழுப்பு இழுக்கத் தோன்றும். இழுக்காதீர்கள். தனி இணைப்பு வாங்கிவிடுங்கள்.

கழிப்பறை இல்லாமல் பெண்கள் வரமாட்டார்கள், பெண்கள் வராத இடத்துக்குக் குடும்பம் வராது. கிணற்றிலிருந்து குறைந்தது ஐம்பதடி தள்ளி, நீங்கள் சுண்ணாம்பில் குறித்த கோட்டுக்கு மேலே, தரையை உயர்த்திக் கட்டுங்கள். நிலத்தடி நீர் இவ்வளவு மேலே இருக்கும் ஊரில் உறைகிணறு மாதிரிக் குழி தோண்டி விட்டுவிடுவது நம் குடிதண்ணீரில் நாமே கலப்பது போல. அடிப்பாகம் பூசிய, மூடிய தொட்டிதான் வேண்டும்.

வேலைகள் முடிந்தன என்று வைத்துக்கொண்டு, எதைக் காட்டுவது என்ற கேள்விக்கு வரலாம்.

திருச்சிக்காரரிடம் இருக்கும் பெரிய சொத்து வாழை. நகரத்துக்கு வெளியே தாயனூர் பக்கம், தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993 முதல் இயங்குகிறது. நாடெங்கும் இருந்து சேர்த்த வாழை ரகங்களை அங்கே வளர்க்கிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி, ஏலரிசி, நேந்திரன், மொந்தன், பச்சைநாடன், செவ்வாழை என்று எட்டு ரகத்தைப் பத்துப் பத்து மரமாகப் பாதையோரம் வைத்தால் அதுவே ஒரு மணி நேரப் பேச்சு. மொந்தன் இலை ஏன் பந்திக்கு வருகிறது, தண்டு எதில் நன்றாக இருக்கும், எந்தப் பூவில் துவர்ப்புக் குறைவு என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களை விட்டுப் பேசச் சொல்லுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் நட்டுவிட்டால் ஒரே சமயத்தில் தார் வெட்டி, பிறகு ஆறு மாதம் காட்டுவதற்கு வெறும் இலைதான் இருக்கும். மூன்று மாத இடைவெளியில் நாலு தவணையாக நடுங்கள். எப்போது வந்தாலும் கன்றும், பூவும், முற்றிய தாரும் கண்ணில் படும்.

வாழை காட்டுவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. வாழை வாடல் நோயின் பூஞ்சை மண்ணில் இருக்கிறது. ஒரு தோட்டத்து மண் ஒட்டிய செருப்பு அடுத்த தோட்டத்துக்குப் போனால் நோயும் போகும். ரஸ்தாளிக்கு இது பழைய எதிரி. இதே பூஞ்சையின் கொடிய வகை ஒன்று பச்சை வாழையையும் தாக்கி, பிஹாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் தோட்டங்களை அழித்திருக்கிறது. உங்களிடம் வருபவர்களில் பாதிப் பேர் வாழை விவசாயிகளாகவே இருப்பார்கள். காலையில் தன் தோட்டத்தில் நின்றுவிட்டு நேரே வருவார்கள். நுழைவாயிலில் தண்ணீர்க் குழாயும் தேய்க்கும் பிரஷும் வைத்து, மண் போகக் கழுவிய பிறகு கிருமிநாசினி ஊற்றிய தட்டில் காலை வைத்து வரச் சொல்லுங்கள். அதைவிடச் சுலபம், ஒரு கூடை நிறைய ரப்பர் செருப்பு வைத்து எல்லோரையும் மாற்றிக்கொள்ளச் சொல்வது. கோயில் ஊர்தானே, செருப்பைக் கழற்றி விட்டு வருவதற்கு இங்கே யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை.

வாழைக்கு அடுத்து, இந்த வட்டாரத்தின் தல மரங்கள். ஸ்ரீரங்கத்துக்குப் புன்னை. திருவானைக்காவுக்கு வெண்ணாவல். மேற்கே போனால் திருப்பராய்த்துறையில் பராய், ஊர்ப் பெயரே அந்த மரத்திலிருந்து வந்தது. வடக்கே திருப்பைஞ்ஞீலியில் ஞீலி என்ற வாழை, ஊரார் கல்வாழை என்பார்கள், கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் பரிகாரம் செய்யும் இடம். ஒரு அரை மணிப் பயண வட்டத்துக்குள் இத்தனை ஊர்களை மரங்களின் வழியாகச் சொல்லிவிட முடிகிறது என்பது வெளியூர்க்காரருக்கு ஆச்சரியமாக இருக்கும். புன்னையும் பராயும் நடுங்கள், நாவல் நடுங்கள். புன்னைக்கு இருபத்தைந்தடி விட்டுவிடுங்கள், சின்னக் கன்றைப் பார்த்து ஏமாந்து நெருக்கி நடாதீர்கள். ஞீலி வாழையை மட்டும் அந்தக் கோயிலிலேயே இருக்கவிட்டு, கதையை மட்டும் சொல்வது மரியாதை.

பூவுக்கு வருவோம். ஸ்ரீரங்கத்துக்குத் தோட்டம் புதிதல்ல. தொண்டரடிப்பொடி ஆழ்வார் இங்கே நந்தவனம் வைத்து அரங்கனுக்கு மாலை கட்டியவர் என்பது மரபு. ராமானுஜர் கேட்டுக்கொண்டதற்காக அனந்தாழ்வான் இங்கிருந்து திருமலைக்குப் போய்த் தோட்டம் வைத்ததும் வைணவர்கள் எல்லோரும் அறிந்த கதை. அந்த மரபில் பூவை முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாது, அது பெருமாளுக்கு. இதனால் உங்களுக்கு வரும் நடைமுறைச் சிக்கல் என்னவென்றால், வருகிறவர்களில் ஒரு மாமியாவது, "பெருமாளுக்கு ரெண்டே ரெண்டு பூ பறிச்சுக்கறேன்டா கண்ணா" என்று சொல்லிவிட்டு முந்தானையை விரித்துவிடுவார். மறுக்கவும் முடியாது. 'பூக்களைப் பறிக்காதீர்' என்று பலகை வைத்தால், பறிப்பதற்கு முன் அதைப் படித்துவிட்டுப் பறிப்பார்கள். நான் கண்ட வழி, வாசலுக்குப் பக்கத்தில் பறிப்பதற்கென்றே ஒரு பாத்தி. நந்தியாவட்டை, செம்பருத்தி, துளசி, ஒரு பவளமல்லி. பவளமல்லியின் சௌகரியம், அதுவே கீழே உதிர்த்துவிடும், பறிக்கவே வேண்டாம். பக்கத்தில் நாலு பனை ஓலைக் கூடை. அந்தப் பாத்தி வந்த பிறகு உள்ளே எதிலும் யாரும் கை வைக்கவில்லை. மல்லி, முல்லை விற்பனைக்குப் போடுகிறவர்கள் அதைப் பாதையிலிருந்து எட்டாத தூரத்தில் வையுங்கள். விடியற்காலையில் பறித்துச் சாத்தார வீதி பூ மார்க்கெட்டுக்கு அனுப்ப வேண்டிய பூ அது.

கடைசியாக, வண்ணத்துப்பூச்சி. மேலூரில் வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா 2015 நவம்பரில் திறந்ததிலிருந்து தீவுக்கு வரும் பள்ளிக் குழந்தைகளெல்லாம் இதைக் கேட்கிறார்கள். ஒருமுறை அங்கே போய் நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே தெரிந்துகொள்ள வேண்டியது, பூவைவிட இலை முக்கியம் என்பது. தேன் குடிக்க எந்தப் பூவுக்கும் வரும். முட்டை இடுவதற்கு அதனதன் செடிதான் வேண்டும். எலுமிச்சை, வில்வம், கறிவேப்பிலை உங்களிடம் ஏற்கெனவே இருக்கும், அழகி வகைகள் அதில் முட்டை வைக்கும். வேலியோரத்து எருக்கு வெந்தய வரியனுக்கு. ஈஸ்வரமூலிக் கொடி ஒன்று கிளுவையில் ஏறினால் ரோசா அழகிகள் தேடி வரும். கிலுகிலுப்பைச் செடி காய்ந்த பிறகும் பிடுங்காதீர்கள், வரியன்கள் அதில் மொய்க்கும். வேலைக்காரரிடம் இதையெல்லாம் முன்பே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் ஆள் வருகிறார்கள் என்று முதல் நாள் எருக்கையெல்லாம் வெட்டிச் சுத்தம் செய்து வைத்திருப்பார். புழு தின்று ஓட்டை விழுந்த இலைதான் அன்றைய காட்சி. 2019இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனைச் சில குழந்தைகள் கேட்கும். அது மேற்குத் தொடர்ச்சி மலைக்காரன், இங்கே இல்லை என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள். மருந்து தெளித்த தோப்பில் இது எதுவும் நடக்காது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

வேலி பற்றி இரண்டு வரி. கிளுவை, நொச்சி, ஆடாதொடை மூன்றும் கலந்த உயிர்வேலி இருந்தால் தொடாதீர்கள். ஆடாதொடையை ஆடு கடிக்காது, கிளுவைக் கொம்பை நட்டாலே பிடித்துக்கொள்ளும். பாம்பு வரும் என்று பயப்படுகிறவர்கள் வேலியைக் குறை சொல்வார்கள். பாம்பு தங்குவது பெரும்பாலும் நாம் குவித்து வைத்த ஓலையிலும் மட்டையிலும் செங்கல்லிலும்தான். அந்தக் குவியலைப் பாதையிலிருந்து தூரமாக வையுங்கள், பாதையின் இரண்டு பக்கமும் மூன்றடிக்குப் புல்லைச் செதுக்கி வையுங்கள். அப்படியும் கடித்துவிட்டால் 108 ஆம்புலன்ஸை அழைத்து வழி சொல்ல ஏதுவாக, உங்கள் தோப்புக்கு வரும் அடையாளங்களை ஒரு அட்டையில் எழுதிப் பம்பு அறைச் சுவரில் ஒட்டுங்கள். பதற்றத்தில் சொந்த ஊருக்கே வழி சொல்ல வாய் வராது.

எப்போது திறப்பது? கார்த்திகை நடுவிலிருந்து மாசி வரை, காலை ஏழு முதல் பத்து, மாலை நாலு முதல் ஆறு. வண்ணத்துப்பூச்சி பார்க்க வெயில் ஏறிய எட்டு மணிக்கு மேல். சித்திரை, வைகாசியில் மூடிவிடுங்கள், நமக்கே ஆகாத வெயில் அது. வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய நாட்களிலும் திறக்காதீர்கள். லட்சக்கணக்கில் ஜனம் வரும்போது அதில் நூறு பேர் நம்மிடம் வருவார்கள் என்று கணக்குப் போடத் தோன்றும். நூறு பேர் வந்தால் வரப்பு என்று ஒன்று மிஞ்சாது. ஒரு தடவைக்கு இருபது பேர், முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருகிறவர்கள் மட்டும். இலைச் சாப்பாடு போட்டுக் காசு வாங்குவதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். ராத்தங்க இடம் கொடுப்பதானால் அதற்குத் தனி விதிகள், அது பத்தாம் அத்தியாயத்தில்.

கட்டணம் வாங்கக் கூச்சப்படுகிறவர்கள் நம்மில் அதிகம். வீட்டுக்கு வந்தவரிடம் எப்படிக் காசு கேட்பது என்பார்கள். 1927இல் இங்கிலாந்தில் 609 தோட்டங்களின் சொந்தக்காரர்கள் ஒன்றுசேர்ந்து தங்கள் தோட்டத்தை ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு திறந்துவிட்டார்கள். வசூலான எண்ணாயிரம் பவுனுக்கு மேற்பட்ட தொகை ஊர் ஊராகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்சுகளுக்குப் போனது. அந்த ஏற்பாடு இன்றும் நடக்கிறது. கூச்சத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை. வருஷத்தில் ஒரு நாள் வசூலை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கோ வாய்க்கால் தூர் வாரவோ என்று எழுதி வாசலில் வைத்துவிடுங்கள், மற்ற நாள் வசூலைத் தைரியமாக நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். இலவசம் என்றால் அரை மணி தாமதமாக வருவார்கள், டிக்கெட் என்றால் கால் மணி முன்னதாக வந்து நிற்பார்கள்.

போகும்போது கையில் ஏதாவது கொடுத்து அனுப்புவது நம் வழக்கம். வாழைப் பக்கக்கன்று கேட்பார்கள், கண்டிப்பாகக் கொடுக்காதீர்கள், வாடல் நோய் போவதும் வருவதும் பெரும்பாலும் கன்றில்தான். வேண்டுமென்றால் ஒரு சீப்புப் பூவன் பழம் கொடுங்கள். செடியாகத்தான் வேண்டும் என்பவர்களுக்குத் தோப்புக்குள்ளேயே பையில் போட்டு வளர்த்த நந்தியாவட்டை, பவளமல்லி, கறிவேப்பிலை, புன்னை. புன்னையை எடுப்பவரிடம் மட்டும் வீட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். மூன்றாவது மாடி பால்கனி என்றால் பையைத் திருப்பி வாங்கிக்கொண்டு ஒரு துளசியை நீட்டுங்கள்.